‘காரணம்’ என்னும் கட்டம்

மண்டபம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதமும் அதனுடன் வைத்திருந்த கட்டுரைப் பிரதியும் போன வாரமே கைக்குக் கிடைத்தன. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். தாயும் சேயும் நலமாக இருக்கட்டும். இங்கே மூன்று நாளாக வாடைக்காற்று ஓயாமல் அடிப்பதால் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. அதனால் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோயிலுக்குள் நுழைகிறவர் செருப்பை வெளியே கழற்றி வைப்பதுபோல, கல்வியை ஆராயும் சமூகவியலாளரும் தம் விழுமியங்களை, அதாவது எது நல்லது, எது தகும் என்ற தம் மதிப்பீடுகளை, வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்பறைக்குள் நுழைய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நேர்மையை நாற்பது ஆண்டுகளாக அறிந்தவன் என்பதால் ஆராய்கிறவரின் விருப்பம் முடிவைத் திரித்துவிடும் என்ற அச்சத்தினால்தான் அப்படி எழுதினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஆசிரியப் பணிக்காலத்தில் நான் செய்த ஒரு பிழையை உங்களிடம் சொல்லாமல் அந்த முடிவை ஏற்கவோ மறுக்கவோ என்னால் முடியவில்லை.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் எங்களிடம் வரும். படிவத்தில் பெயர், வயது, வகுப்பு எல்லாம் எழுதிய பிறகு ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பல ஆண்டுகள் அந்தக் கட்டத்தில், கை தானாக எழுதும் அளவுக்குப் பழகிப்போன ஒரே தொடரைத்தான் எழுதிவந்தேன்: ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை.’ அதை ஒரு தகவல் என்றே நம்பினேன். நானும் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் ஒரு நாளும் வந்ததில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாதத்தில் பாதி நாள் வருவாள், பாதி நாள் வரமாட்டாள். ஒருநாள் கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தபோது, சுண்ணக்கட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையே வைத்துப் பிடித்தாள். விரல்களில் பழைய சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். விரல் நுனிகளில் கோடு கோடாக வெட்டுக்காயங்கள். உப்புத்தண்ணீரில் ஊறி அவற்றின் விளிம்பு வெளுத்திருந்தது. அம்மாவோடு பாசி எடுக்கப் போனதாகவும், பாறையில் கை பட்டதாகவும் சொன்னாள். ஜெல்லிபோல் உறையும் அகர் என்ற பொருளைத் தயாரிக்க வாங்கிச் செல்கிறார்களே, அந்த மரிக்கொழுந்துப் பாசிதான். நம் கரையில் பெண்கள் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, பாறையில் பற்றியிருப்பதைக் கையால் பறிப்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

அன்று இரவு வருகைப் பதிவேட்டையும் தினசரிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் வராத நாட்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே விழுந்திருந்தன. கடல் நன்றாக வற்றுகிற நாட்கள் அவை. பாசி எடுக்கத் தோதான நாட்களும் அவைதாம். தாய்மார் வகுத்துக்கொண்ட அந்த ஒழுங்கு பதிவேட்டிலேயே பதிந்திருந்தும், ஆண்டுக்கணக்கில் அதே பதிவேட்டில் கையெழுத்திட்ட என் கண்ணில் அது படவே இல்லை. ‘அக்கறை இல்லை’ என்று நான் எழுதிய தாய், தன் மகள் கடலுக்கு வராத நாட்களில் எல்லாம் தவறாமல் அவளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள்.

இப்போது உங்கள் செருப்புக்கு வருகிறேன். அந்தப் பிள்ளையின் கை என்னை வருத்தியிராவிட்டால் நான் காலண்டரை எடுத்தே இருக்கமாட்டேன். எது கேட்கத் தகுந்த கேள்வி என்று எனக்குச் சொன்னது விழுமியம். ஆனால் நாட்கள் பொருந்துகின்றனவா, இல்லையா என்பதை அது முடிவு செய்யவில்லை. நான் கல்நெஞ்சனாக இருந்திருந்தாலும் அமாவாசை அதே நாளில்தான் வந்திருக்கும். நீங்கள் துணைக்கு அழைத்த ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும் 1904ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்த வேறுபாட்டைத்தான் சொல்கிறார் என்பது என் வாசிப்பு. எதை ஆராய்வது என்று தேர்ந்தெடுப்பதில் விழுமியம் இல்லாமல் தீராது. கண்டதைக் கண்டபடி சொல்வதில் அது குறுக்கே வரக்கூடாது. நீங்கள் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் பாதியை விட்டுவிட்டீர்கள்.

அதே வெபர் 1917இல் மியூனிக்கில் மாணவர்களிடம் ஆற்றிய உரையில், தம் தரப்புக்கு ஒவ்வாத உண்மைகளையும் ஏற்கப் பழக்குவதே ஆசிரியரின் முதற்பணி என்றார். அது எனக்கும் பொருந்தும் என்பதைப் பிறகு உணர்ந்தேன். மனம் இளகிய பின்னர், படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் வறுமையும் கடலுமே காரணம் என்று நம்ப விரும்பினேன். வீடு வீடாகப் போய்க் கேட்டபோது சில வீடுகளில் பதில் வேறாக இருந்தது. “வயசுக்கு வந்த பிள்ளை, இனி எதுக்கு சார் பள்ளிக்கூடம்?” என்று, ஓரளவு வசதியுள்ள தகப்பனார்களே கேட்டார்கள். அதையும் எழுதத்தான் வேண்டியிருந்தது. என் இரக்கம் அந்த வீடுகளையும் மற்ற வீடுகளோடு சேர்த்து மன்னிக்கச் சொன்னது. நான் மன்னித்திருந்தால் அந்தப் பெண்பிள்ளைகளின் கதை எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

ஆராய்கிறவரின் விழுமியம் ஒருபுறம் இருக்க, ஆராயப்படும் பள்ளியே விழுமியத்தால் கட்டப்பட்டது அல்லவா? பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளில் சமய போதனைக்குப் பதிலாக அறநெறி, குடிமைப் பாடங்களை வைத்தது. சமயம் விட்டுச்சென்ற இடத்தை எதனால் நிரப்புவது என்ற கேள்விக்குத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1902-03இல் பாரிஸின் சொர்போன் பல்கலைக்கழகத்தில் நடத்திய அறக்கல்வி வகுப்புகளில் விடை தேடினார். ஒழுங்கு, குழுவின்மீது பற்று, அறிந்து ஏற்கும் தன்னுரிமை என்று மூன்றைச் சொன்னார். அவரை மதிக்கிறேன். ஆயினும் சமூகம் தன் அறத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் இடம் பள்ளி என்று அவர் சொல்லும்போது, எந்தச் சமூகம் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவளும் அதே மாணவிதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பற்றியும், 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா பற்றியும் ஒருநாள் பாடம் நடத்தினேன். பவளப்பாறைகளைக் காப்பது நம் கடமை என்று சொல்லி முடித்தேன். அவள் எழுந்து நின்று, “அப்ப எங்கம்மா பாசி எடுக்கிறது தப்பா சார்?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. பாடநூலில் இருந்த விழுமியம் நல்லது. அதை இன்றும் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் அவளுடைய தாய்க்கு என்ன இடம் என்பதை நானும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அன்று சரியான பதில் சொல்ல எனக்கு வாயில்லை. மறுவாரம் அவளுடைய தாயையே வகுப்புக்கு அழைத்தேன். வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால்தான் பாசி மறுபடி வளரும் என்று அவர் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் இதைத்தான் கேட்பீர்கள். கடலறிவைப் பள்ளி மதிக்க வேண்டும் என்று நான் சொல்லும்போதெல்லாம் 1953 நினைவுக்கு வந்து என்னைத் தடுக்கிறது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்திலும் கைத்தொழிலின் மேன்மை என்னும் விழுமியம் இருந்தது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தவர்கள், அந்த மேன்மை யாரை எங்கே நிறுத்திவைக்கும் என்று கேட்டார்கள். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. மீனவர் மகனுக்குக் கடல் தெரிந்திருப்பது அவனுடைய செல்வம். கடலைத் தவிர வேறு வழியில்லாமல் செய்வது அவனுக்கு இழைக்கும் அநீதி. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளியும் திறக்கிறது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் பெயர் பதிந்த பையன்களில் யார் யார் விசைப்படகுக்குப் போய்விடுவார்களோ என்று அந்த மாத நடுவில் நான் கணக்குப் பார்க்காத ஆண்டு கிடையாது.

இந்த இரண்டு நியாயங்களையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டுதான் ஆராய வேண்டியிருக்கிறது. இரண்டையும் வாசலில் விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்தப் பையன் ‘இடைநிற்றல்’ என்ற எண்ணிக்கையில் ஒன்றாக மட்டுமே தெரிவான். அந்தச் சொல்லே பள்ளியின் பக்கம் நின்று சொல்லப்படுவது. கரையில் நின்று பார்க்கிறவர்கள் ‘தொழிலுக்குப் போய்விட்டான்’ என்கிறார்கள். உங்கள் கட்டுரையில் அந்தச் சொல் பல இடங்களில் வருகிறது. எந்தப் பக்கம் நின்று அதைச் சொல்கிறீர்கள் என்று முன்னுரையிலேயே ஒரு பத்தி எழுதிவிட்டால், பிறகு வரும் அட்டவணைகளை வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

உங்கள் மாணவர்கள் தை மாதம் களப்பணிக்கு இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தீர்கள். தயாரித்திருக்கும் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குக் கீழே முன்கூட்டியே அச்சடித்த விடைகள் எதுவும் வேண்டாம். வெறும் கோடுகள் மட்டும் இருக்கட்டும். வகுப்பறையில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமானால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுப்பட்ட நாட்களில் வாருங்கள். தாய்மாரைப் பார்க்க வேண்டுமானால் அமாவாசைக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். அவர்கள் விடியுமுன் கரைக்குப் போய்விடுவார்கள். ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் மண்டபத்தில் இறங்கிக்கொள்ளலாம், நான் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்