மாலை போடுவதற்கு முன், மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

கார்த்திகை நெருங்குகிறது. உங்கள் கறுப்பு வேட்டியை அத்தை துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டிருந்தார். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

முதல் வருடம் மாலை போட்டுக் குடியை நிறுத்தியபோது கை மட்டும் நடுங்கியது. அடுத்த வருடம் வியர்வை, தூக்கமில்லாத 3 இரவுகள். போன வருடம் இரண்டாம் நாள் விடியற்காலை, குளித்துவிட்டு ஈரத் துண்டோடு படியேறும்போது வலிப்பு. யாரோ உங்கள் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். அது நழுவிப் படிப்படியாக விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாமி குற்றம் என்றார் அத்தை. "அதே அளவுதானே குடித்தேன், இந்த முறை மட்டும் ஏன்?" என்று கேட்டீர்கள்.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்கு மது கைகொடுக்கிறது, உசுப்பிவிடும் குளுட்டமேட் என்ற ரசாயனத்தை அடக்குகிறது. தினமும் குடித்தால் மூளை ஈடுகட்டிக்கொள்கிறது. காபாவை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மந்தமாகின்றன, குளுட்டமேட்டுக்கான என்எம்டிஏ ஏற்பிகள் பெருகுகின்றன. படகில் ஒரு பக்கம் ஐஸ் ஏறினால் மறுபக்கம் வலையை நகர்த்திச் சமன்செய்வீர்களே, அதுபோல. திடீரென்று ஐஸ் மொத்தத்தையும் கடலில் தள்ளினால் படகு என்னாகும்? கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வலிப்பு வருவது இதனால்தான்.

படகு நிமிர்ந்துவிடும். மூளை அப்படி முழுதாக நிமிர்வதில்லை. 1960களில் கோடார்ட் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் தினமும் துளி மின்சாரம் செலுத்தினார். முதலில் ஒன்றுமில்லை, போகப்போக அதே துளிக்கே வலிப்பு வந்தது. 1978இல் பாலெஞ்சர், போஸ்ட் என்ற ஆய்வாளர்கள், குடியை நிறுத்தி நிறுத்தித் தொடங்குபவர்களிடமும் இதுவே நடக்கிறது, ஒவ்வொரு நிறுத்தமும் அடுத்ததை மோசமாக்குகிறது என்று வாதிட்டார்கள். மலையிலிருந்து திரும்பி, மாலையைக் கழற்றிய வாரமே நீங்கள் கடைக்குப் போனீர்கள். சாமி மேல் பழி போடாதீர்கள், அத்தையிடமும் சொல்லுங்கள்.

இந்த முறை மருத்துவமனை முதலில், மாலை பிறகு. காபா ஏற்பிகளில் வேலைசெய்யும் டயஸிபாம் வகை மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். அதோடு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்குக் காசிமேட்டில் உங்கள் தெருமுனையில் நிற்பேன். ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய் மனநலப் பிரிவில் காட்டுவோம். போன வருட டிஸ்சார்ஜ் சீட்டு அத்தையின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் அட்டைக்கு அடியில் இருக்கிறது, எடுத்து வையுங்கள். அதுவரை வீராப்பாக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், மாமா.

உங்கள் அக்கா மகன்