பன்னிரண்டு போர்வைகள்

எடின்பரோ,
12 டிசம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தினமும் எடுத்துப் படிக்கிறேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நான் நலம். நீ கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி இன்னும் கால் டப்பா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிறேன்.

இங்கே மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது. அதன் பிறகுதான் எனக்கு வேலை. லீத் வாக் தெரு வழியாக ஹோட்டலுக்கு நடந்தே போகிறேன், உடம்புக்கு நல்லது. முதல் நாள் மேற்பார்வையாளர் அம்மாள், பன்னிரண்டு அறைகளை 'டர்ன் டவுன்' செய்துவிட்டு வா என்றார். நம் வாத்தியார் அதற்கு 'மறுத்தல்' என்றல்லவா சொல்லிக்கொடுத்தார்! அறையை எப்படி மறுப்பது என்று சாவியோடு நின்றேன். விஷயம் இவ்வளவுதான்: ஆள் சாப்பிடப் போயிருக்கும்போது திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, போர்வையின் ஒரு முனையை முக்கோணமாக மடித்து, தலையணைமேல் ஒரு சாக்லேட் வைக்க வேண்டும். வந்தவர் அப்படியே நுழைந்து படுத்துக்கொள்ளலாம்.

கீழ்வீட்டுப் பாட்டிக்கும் அதே சொல்தான். என் ரேடியோச் சத்தம் கேட்டால் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்து, 'டர்ன் இட் டவுன்' என்பார். மறுநாள் அவரே பிஸ்கட் கொண்டுவருவார். ஹீட்டரைக் குறைப்பதும் டர்ன் டவுன்தான். நான் குறைத்தே வைத்திருக்கிறேன். பணத்துக்காக இல்லை, சூடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அம்பாசமுத்திரத்துச் சித்திரை வெயிலில் வளர்ந்தவன் சொல்கிறேன், நம்பு.

வாத்தியார் சொன்ன அர்த்தமும் பொய்யில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவன் நிரந்தர வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். போன வாரம் மறுத்துவிட்டார்கள். அன்றைக்கும் பன்னிரண்டு போர்வைகளை மடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

நான் கடைசி அறை விளக்கைப் போடும்போது நம் ஊரில் நடுநிசி தாண்டியிருக்கும். இன்னமும் எனக்கும் சேர்த்துப் பாய் விரித்துவிட்டு, பிறகு சுருட்டி வைக்கிறாயாமே. மீனா எழுதியிருந்தாள். அப்படிச் செய்யாதே, அம்மா.

பாளையங்கோட்டை வரன் விஷயம். மீனாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் 'பார்த்துச் சொல்கிறோம்' என்று இழுக்க வேண்டாம். சின்ன மாமாவை விட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லச் சொல். சித்திக்கு வந்த நாலு வரன்களை முகம் கோணாமல் தட்டிக்கழித்தவர் அவர்தானே. பின்கட்டு ஓடு மாற்றப் பணம் பொங்கலுக்குள் அனுப்பப் பார்க்கிறேன். முன்னே பின்னே ஆகலாம். கொத்தனாரிடம் தை பிறக்கட்டும் என்று சொல்லிவை. அப்பாவின் மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்தாயா?

உன் அன்பு மகன்,
முருகன்