நீல வயிற்று எறும்புகள்

தாண்டிக்குடி

அன்புள்ள சண்முகம்,

நலம். வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன். காப்பிப் பழம் பறிப்பு முடிந்துவிட்டது. விலையைப் பற்றித் தொடங்கினால் கடிதம் புலம்பலாகிவிடும் என்பதால் எறும்புக்கே வந்துவிடுகிறேன்.

எறும்புகள் வாயோடு வாய் வைத்து உணவு பரிமாறுவதை நான் வியந்து எழுதியதற்கு, "கக்கியதைத் தின்பதற்கு இத்தனை பாராட்டா?" என்று கேட்டிருந்தாய். உண்மையில் எனக்கும் அவற்றின் மேல் முதலில் வந்தது கோபம்தான். காப்பிச் செடியின் இளங்கிளைகளில் சாறு உறிஞ்சும் பச்சைச் செதில் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீருக்காகக் கட்டெறும்புகள் அவற்றுக்குக் காவல் நிற்கின்றன. அந்த நீரைக் குடித்துவிட்டு எங்கே போகின்றன என்று பின்தொடர்ந்தவன், இப்போது ஒரு கூட்டையே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து எறும்புகளுக்கு மட்டும் நீலச் சாயம் கலந்த சர்க்கரைப் பாகைக் கொடுத்துக் கூட்டில் விட்டேன். மறுநாள் காலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, பாகின் பக்கமே வராத பல எறும்புகளின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே நீலம் தெரிந்தது. எறும்பு குடிப்பது முதலில் தீனிப்பையில்தான் தங்குகிறது; அதற்கும் இரைப்பைக்கும் நடுவே உள்ள அடைப்பான் சிறிது சிறிதாக விடும் அளவே அதன் சொந்தச் செரிமானத்துக்குப் போக, மீதி கூட்டுக்கு உரியது. இந்தப் பரிமாற்றத்துக்கு வீலர் என்ற அமெரிக்க அறிஞர் 1918இல் 'டிரோபலாக்சிஸ்' என்று பெயரிட்டார்.

நாம் படித்த காலத்தில் இதைப் பொதுப் பாத்திரம் போலத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உவமை போதாது என்பதே இப்போது என் எண்ணம். 2016இல் புளோரிடா கட்டெறும்பு இனத்தின் தீனிப்பைத் திரவத்தை ஆராய்ந்தவர்கள், அதில் உணவோடு புரதங்களும், கூட்டின் அடையாள மணத்துக்கான ஹைட்ரோகார்பன்களும், எறும்பின் குஞ்சுப் பருவமான புழுவின் வளர்ச்சியைப் பாதிக்கும் இளமை ஹார்மோனும் இருக்கக் கண்டார்கள். அந்த ஹார்மோனை உணவில் கூட்டியபோது முழுதாக உருமாறி வளர்ந்த புழுக்களின் எண்ணிக்கையும் கூடியது. ஊட்டும்போதே எவ்வளவு வளர வேண்டும் என்ற செய்தியும் சேர்ந்து போகிறது என்றால், அதை வெறும் கக்கல் என்று நீ எப்படித் தள்ளுவாய்?

2021இல் வெளியான மற்றோர் ஆய்வுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. புழுக்களைப் பேணும் தாதி எறும்புகளின் திரவத்தில், இரை தேடி வெளியே திரிபவற்றினுடையதைக் காட்டிலும் மூப்பைத் தடுக்கும் புரதங்கள் மிகுந்திருந்தன. இளங்கூட்டின் திரவத்தில் சர்க்கரையை உடனே கையாளும் புரதங்களும், முதிர்ந்த கூட்டில் சத்தைச் சேமித்து வைக்கும் புரதங்களும் மேலோங்கியிருந்தன. நம் உடம்பில் கல்லீரலும் கொழுப்புத் திசுவும் ஆளுக்கொரு வேலையை ஏற்பது போல, இங்கே ஓர் எறும்பின் உடல் செய்யும் வேதிவேலையின் பயனை இன்னோர் எறும்பு துய்க்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒல்லி இடுப்புக் கொண்ட வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாததால், பல இனங்களில் இறைச்சித் துணுக்குகளைப் புழுக்களே செரிக்கின்றன என்பதையும் இதோடு சேர்த்துப் பார். ஊட்டப்படும் குழந்தை என்று நாம் நினைத்ததுதான் வீட்டின் செரிமானத்தையும் பார்த்துக்கொள்கிறது!

நான் வைத்திருப்பது உள்ளூர் இனம். புளோரிடா முடிவுகளை அப்படியே அதன் தலையில் ஏற்ற மாட்டேன். சாயம் போன வழியை மட்டுமே என் பெட்டி காட்டும்; புரதத்தைக் காட்டாது. ஆனாலும் நீலம் முதலில் தாதிகளுக்குப் போகிறதா, புழுக்களுக்கா என்று பார்க்கலாம் அல்லவா? என் பூதக்கண்ணாடிக்கு அது பிடிபடவில்லை. உன்னிடம் இருந்த இரட்டைக்கண் நுண்ணோக்கி இன்னும் வேலை செய்தால், அடுத்த மாதம் வரும்போது எடுத்து வா. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் வந்தால் மடியிலேயே வைத்துக்கொள். மலைப்பாதை வளைவுகளை நம்பி மேலே வைக்காதே.

அன்புடன்,
ராமசாமி