பழைய பவர் ஆம்ப்ளிஃபயரை விற்போர் ரசீதில் எழுத வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் பழைய வெளிநாட்டு ஹைஃபை பவர் ஆம்ப்ளிஃபயர்களை (ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்கு ஒலியைப் பெருக்கும் கருவிகளை) விற்போர், கருவி எத்தனை வோல்ட்டுக்கு உரியது, ஸ்பீக்கர் முனைகளில் எவ்வளவு டி.சி. (நேர் மின்சாரம்) கசிகிறது என்ற இரண்டையும் சோதித்து ரசீதிலேயே எழுதித் தர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டுக் கூடத்தில் இருப்பது இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் தயாரான குவாட் 405 என்ற பவர் ஆம்ப்ளிஃபயர். 1975இல் அறிமுகமான இது, 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 100 வாட் தரக்கூடியது. குவாட்டை நிறுவிய பீட்டர் வாக்கரின் நிறுவனம் உருவாக்கிய இதன் சுற்றில், சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று ஒலியின் துல்லியத்தைக் கவனித்துக்கொள்ள, பெரிய டிரான்சிஸ்டர்கள் தேவைப்படும் நேரத்தில் மட்டும் மின்னோட்டத்தை வாரி வழங்குகின்றன. ஆகவே பாட்டு ஓடாதபோது இது அதிகம் சூடாவதில்லை. பிற கருவிகளில் வயதாக ஆகப் பிசகி வெளியீட்டு டிரான்சிஸ்டர்களைப் பொசுக்கிவிடும் பயாஸ் பிரீசெட் (பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அமைக்கும் திருகு) இதில் கிடையவே கிடையாது. நம் ஊர் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு அரிது என்பது என் கருத்து. பார்வைக்கு அழகானது என்று மட்டும் சொல்ல மாட்டேன். முகப்பே சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட் சிங்க்தான், அதில் ஆன்-ஆஃப் சுவிட்சுகூட இல்லை.

ஆனால் எவ்வளவு நல்ல கருவியானாலும், உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், ஏறத்தாழ 50 வோல்ட் டி.சி. நேராக ஸ்பீக்கருக்குள் பாய்ந்து, அதில் ஒலி எழுப்பும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைக் கருக்கிவிடும். பயன்படுத்தாமல் பரணில் கிடந்தாலும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்கள் உலர்ந்துபோகும் என்பதால், ‘அதிகம் ஓடாத பீஸ்’ என்று கடைக்காரர் சொல்வதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பீக்கரை இணைக்கும் முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், முனைகளில் கசியும் டி.சி. சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வோல்ட்டேஜ் விஷயம் இன்னும் எளிது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்கென்றே வடிவமைத்த அமெரிக்கக் கருவி நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

ஸ்பீக்கரில் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) கேட்டால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுமாறு கடைகளிலேயே அறிவுரை சொல்கிறார்கள். இது உயிருக்கே ஆபத்தானது; ஏனெனில் உள்ளே லைன் ஒயர் உலோகப் பெட்டியில் பட்டால், தொடுபவர் உடல்தான் எர்த் ஆகும். பெரும்பாலும் அந்த ஹம், ஆம்ப்ளிஃபயருடன் செட்டாப் பாக்ஸையும் இணைத்திருப்பதால், கேபிள் டி.வி. ஒயர் வழியாக இன்னொரு எர்த் சேர்ந்து உண்டாவது. அந்த ஒயரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

சோதனைக்கு ஆளும் நேரமும் இல்லை என்று கடைக்காரர்கள் கூறலாம். அப்படியானால் ‘சோதிக்கப்படவில்லை’ என்றாவது ரசீதில் எழுதட்டும். வாங்குபவர் அதைக் கண்டு, வீட்டில் நேரடியாகப் பிளக்கைச் சொருகாமல், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் சீரிஸ் பல்பு (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தக் கருவியோடு தொடராக இணைக்கும் பல்பு) வழியாக மின்சாரம் ஏற்றிப் பார்க்கச் சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை.