செயலாளர் ஆண்டறிக்கை: ஈஸ்ட் சேமிப்புப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை, கொளத்தூர் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் வீட்டு பேக்கரி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டின் பெரிய வேலை, ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டை ஃப்ரீசரில் உயிரோடு காக்கும் நம் ஈஸ்ட் சேமிப்புதான்; அதை விரிவாகச் சொல்கிறேன்.

ஃப்ரீசரில் வைத்த ஈஸ்ட் செத்துப்போகக் காரணம், செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிப்படிகமாகிச் சவ்வைக் கிழிப்பது. கிளிசரின் அதைப் பெருமளவு தடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஐ.பி. (இந்திய மருந்து நூல்) தரக் கிளிசரின் என்று கேட்டு வாங்குங்கள். பன்னீர் கலந்தது வேண்டாம். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாட்டில் மூடியைத் தளர்வாக வைத்து, குக்கரில் வெயிட் போட்டு 20 நிமிடம் வேகவைத்து ஆறவிடவும். நன்றாகப் பொங்கி அடங்கிய ஈஸ்ட் கரைசலை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் அடியில் வெண்ணெய் நிறத்தில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, படிவில் 5 மி.லி., கிளிசரின் கரைசலில் 5 மி.லி. என, 15 மி.லி. கொள்ளும் திருகுமூடிக் குழாயில் ஊற்றிக் குலுக்கவும். கிளிசரின் 25 சதவீதம் நிற்கும். குழாயை நிரப்பக்கூடாது, உறையும்போது விரியும். பெயரும் தேதியும் உடனே எழுதவும்.

குழாய்களை ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டும். அங்கேயும் தெர்மாகோல் பெட்டிக்குள், ஜெல் ஐஸ் பேக்குகளுக்கு நடுவில். மெதுவாகக் குளிர்ந்தால் தண்ணீர் செல்லைவிட்டு வெளியேறி, வெளியே உறையும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் பனியைக் கரைக்க ஹீட்டர் அவ்வப்போது ஓடுவதால் வெப்பநிலை ஏறி இறங்கும். கெட்டுப்போன குழாய்கள் வந்தால் நாம் முதலில் கேட்கும் கேள்வியே, அது ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜா என்பதுதான்.

மின்தடைக்கும் பெட்டி ஓரளவுதான் தாங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. ஆகவே ஒவ்வொரு வகையிலும் ஒரு ஜோடிக் குழாய் வேறு பேட்டையில் இன்னோர் உறுப்பினர் வீட்டில் இருக்கட்டும். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காமல், உடனே வளர்த்துப் புதுக் குழாய் போடுங்கள்.

எழுப்பும்போது குழாயை 30–35 டிகிரி வெந்நீரில் வைத்து வேகமாக உருக்கவும். நேரே மாவில் ஊற்ற வேண்டாம். செத்த செல்களிலிருந்து கசியும் குளுட்டாதயோன் என்ற பொருள் மாவைத் தளர்த்திவிடும். 50 மி.லி. தண்ணீரில் 5 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் (முளைகட்டிய பார்லியின் சாற்றுப்பொடி) கலந்து, கொதிக்கவைத்து, ஆறிய பின் உருகிய ஈஸ்டை அதில் ஊற்றவும். வெறும் சர்க்கரை போதாது, மால்ட்டில் உள்ள நைட்ரஜனும் வேண்டும். நுரை வர 48 மணி நேரம்கூட ஆகலாம். வந்ததும் 500 மி.லி.க்கு வளர்க்கலாம். வினிகர் வாடையோ மேலே ஏடோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் ஓராண்டை நம்பலாம். ஆய்வுக்கூடத்து மைனஸ் 80 வேறு கதை.

டிரை ஈஸ்டுக்கு இவ்வளவு பாடு கிடையாது. ஈரம் 5 சதவீதம்தான், கிளிசரின் தேவையில்லை. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் திறந்தால் நம் கடற்காற்றின் ஈரம் உள்ளே படியும். டப்பாவின் குளிர் தணியட்டும்.

வரும் ஆண்டில் சங்கத்துக்கென ஹீட்டர் இல்லாத, கையால் பனி நீக்கும் டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கச் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. பொதுக்குழு இதற்கும் இவ்வறிக்கைக்கும் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்