கோயில் முதலுதவிப் பெட்டியில் ஒரு நீலப் பம்பு (ஆஸ்துமா இன்ஹேலர்) வையுங்கள்

டர்பன் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கும், பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும் வருகிற கூட்டத்தைச் சமாளிக்கத் தண்ணீர், கார் நிறுத்தம், அன்னதானம் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். கற்பூரமும் சாம்பிராணியும் நிறைந்த மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கு ஆஸ்துமா இழுப்பு வந்து மூச்சு திணறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் மட்டும், 'ஆம்புலன்ஸ் கூப்பிடுவோம்' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சரி, அது வரும்வரை?

நம்மில் பலர் மெர்பேங்க் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகையிலும், டோங்காட் பக்கம் கரும்பு எரிக்கும் சாம்பலிலும் வளர்ந்தவர்கள். கூட்டத்தில் ஆஸ்துமாக்காரர் இருக்கத்தான் செய்வார்.

வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை: இழுப்பைத் தணிக்கும் சல்பியூட்டமால் மருந்துள்ள நீலப் பம்பு ஒன்று, பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டுகிற ஸ்பேசர் என்ற குழாய் ஒன்று, இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்த ஆள் ஒருவர். ஆளை நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். பம்பைக் குலுக்கி ஒரு அமுக்கு, ஸ்பேசர் வழியாக நாலைந்து மூச்சு, பிறகு மறுபடி குலுக்கி அடுத்த அமுக்கு. பெரியவர்களுக்கும் ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கும் 4 முதல் 10 அமுக்கு, அதைவிடச் சின்னவர்களுக்கு 2 முதல் 6. தேவைப்பட்டால் 20 நிமிடம் கழித்து அதே அளவு திரும்பவும். தினமும் எடுக்கிற பழுப்புப் பம்பு அந்த நேரத்துக்கு உதவாது. உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, உடனே ஆம்புலன்ஸுக்கு 10177 அல்லது செல்போனில் 112 அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பம்பை நிறுத்தக் கூடாது. மூச்சில் கேட்கும் வீசிங் (விசில் போன்ற) சத்தம் அடங்கியும் ஆள் தேறவில்லை என்றால் அது நல்ல அறிகுறி அல்ல, காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

ஸ்பேசருக்குப் பணமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 500 மில்லி கூல் டிரிங்க் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியை அடைத்துவிட்டால் போதும். கேப் டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் இழுப்போடு வந்த பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, கடை ஸ்பேசர் அளவுக்கு வேலை செய்கிறது என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். (சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முகமூடி வைத்த ஸ்பேசரே வேண்டும்.) மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசர் மெஷின் வாங்கலாமே என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். மிதமான இழுப்புக்கு ஸ்பேசரும் அதே பலன் தரும், மின்வெட்டில் மெஷின் ஓடவும் ஓடாது.

இன்னொன்று, காவடிக்கே உரியது. நாக்கில் வேல் குத்தியவர் பேசாமல் நிற்பது நமக்கு வழக்கம், அதனால் அவருக்கு மூச்சு முட்டுவது யாருக்கும் தெரியாமல் போகலாம். குத்துவதற்கு முன்பே ஆஸ்துமா உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் பம்போடு ஒருவர் கூடவே நடக்கட்டும்; நாக்கிலிருந்து வேலைக் கழற்றத் தெரிந்தவரும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

விரதம் என்று பம்பை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. பம்பு எடுத்தால் விரதம் கெடாது என்று பூசாரியே மைக்கில் சொல்லட்டும், நான் எழுதினால் யார் கேட்பார்கள்? இங்கே பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆகவே அறிவிப்பை ஆங்கிலத்திலும் ஒட்டுங்கள்.

ஆடிக் கூழ் பூசைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சொல்லிக்கொடுக்க நர்ஸ்கள் உங்கள் சபையிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.