பில்லு உன் பேர்லயே போடச் சொல்லு

அம்மாடி,

நீ அனுப்புன மரக் கடைசல் மெஷின் படத்த அப்பா பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருக்காரு. 4,800 வெள்ளியாம், மரத்த கவ்விப் பிடிக்கிற சக்கு தனியாம், லாரி கூலி தனியாம். கடைக்கார தவுக்கே சொன்னதுக்குத் தலைய ஆட்டிட்டு வந்துட்டியா, இல்ல ஏதாச்சும் பேசுனியா? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில கேட்ட காச அப்படியே எடுத்துக் குடுக்குற ஆளாச்சே நீ.

மொதல்ல இன்னொரு கடையில வெல கேளு, வாயால இல்ல, மாடல் நம்பரு போட்டு எழுதி வாங்கு. அத கொண்டுபோய் இவன்கிட்ட காட்டு. புது மெஷின்ல அவன் ரொம்ப எறங்க மாட்டான், முந்நூறு வெள்ளி எறங்குனாலே பெருசு. ஆனா சக்கு, உளி செட்டு, லாரி கூலி இதுலல்லாம் அவனால விட்டுக் குடுக்க முடியும். அதனால ஒண்ணொண்ணா வெல கேக்காத, எல்லாம் சேத்து 5,000க்கு வீட்டு வாசல்ல எறக்கித் தர்றியான்னு கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு நில்லு. நீதான் அவசரப்பட்டு "பரவால்ல அங்கிள்"னு ஆரம்பிச்சிருவ.

பில்லு உன் பேர்ல போடச் சொல்லு.

நான் மேசைக்கால் கம்பெனியில கடைசல் செக்‌ஷன்ல இருந்தவ, எனக்குக் கொஞ்சம் தெரியும். காசு குடுக்க முந்தி மெஷின ஓட விடச் சொல்லு, ஆகக் கம்மி ஸ்பீடு எவ்ளோன்னு கேளு, நீ பெரிய கிண்ணம் கடையுற ஆளு, மரம் இன்னும் உருண்டையா வராதப்ப வேகமா ஓடுனா மெஷினே ஆடும். முன்னாடி முனையும் பின்னாடி முனையும் கிட்டக் கொண்டுவந்து ரெண்டும் நேருக்கு நேரா தொடுதான்னு பாரு. அடிக்கட்ட வார்ப்பு இரும்புதானா, தட்டிப் பாரு, கனமா இருந்தா நல்லது. சக்கோட மரையும் மெஷின் மரையும் ஒண்ணான்னு பாக்காம வாங்கிட்டு வந்து அப்புறம் அழுவாத. வெளிநாட்டு செட்டு மலிவா இருக்குன்னு எவனாச்சும் சொன்னா வோல்ட்டு என்னன்னு கேளு, அமெரிக்கா செட்டு 110, 120ல ஓடுறது, நம்ம வீட்டு கரண்டுல மாட்டுனா பொகஞ்சு போயிரும். மோட்டாருக்கு எத்தன வருஷம் வாரண்டி, ஸ்பீடு மாத்துற அந்த போர்டுக்கு எத்தன வருஷம், ரெண்டையும் தனித்தனியா எழுதி வாங்கு, கெட்டுப் போனா மொதல்ல போறது அந்த போர்டுதான்.

டெப்பாசிட்டு கொஞ்சமா குடு, மிச்சம் மெஷின் எறங்குனப்புறம். ஈபிஎப் சேமநிதி மூணாவது கணக்குலருந்து எடுத்தேன்னு சொன்ன. சரி, உன் காசு. உன் காசுங்கறதுனாலதான் சொல்றேன், ரசீதுலயும் வாரண்டி கார்டுலயும் உன் ஐசி அடையாளக் கார்டுல இருக்குற பேரு. வேற யாரு பேரும் கூடாது. மைவி காரு கதைய நான் இப்ப எடுக்கல.

துன் சம்பந்தன் 1960ல தோட்டத்து ஆளுங்க பங்கு போட்டுத் தோட்டம் வாங்குற நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சப்ப பாட்டி ரப்பர் பால் வெட்டுன காசுல பத்துப் பத்து வெள்ளியா பங்கு கட்டுனாங்க. தாத்தா எவ்ளோ கத்துனாரு தெரியுமா, வீட்டு ஆம்பளை பேர்ல போடாம உன் பேர்ல என்னாடின்னு. பாட்டி பதிலே பேசல, தாள மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாது அவங்களுக்கு, கைநாட்டுதான். நீ டிகிரி முடிச்சவ.

இங்க தோட்டத்து மேல் டிவிஷன்ல பழைய ரப்பர் மரத்தெல்லாம் சாய்க்கறானுங்க, முப்பது வருஷ மரம். கட்ட வேணும்னா மாமாகிட்ட சொல்லி வைக்கிறேன், ஆனா வெட்டுன மரத்த அப்படியே போட்டு வைக்க முடியாது, ரெண்டு மூணு நாள்லயே நீலம் பாஞ்சிரும், அப்புறம் வண்டு. நீ வந்து உடனே அறுத்து வைக்கறதுன்னாதான் சொல்லுவேன். கோயில் திருவிழா முடிஞ்சது, கூட்டம் பரவால்ல. நீ குடுத்த கிண்ணத்த பாத்துட்டு தோட்டத்து ஆபீஸ் கிராணி சம்சாரம் எங்க வாங்குனீங்கன்னு கேட்டாங்க, எம்மவ கடைஞ்சதுன்னேன், நம்பல. மூணு தடவ போன் அடிச்சும் எடுக்காத மகள்னு சொல்லல.

டெலிவரி நீ இருக்குற கிள்ளானுக்கு வேணாம், நம்ம சுங்கை சிப்புட் வீட்டுக்கேன்னு கடையில சொல்லிட்டியாம், தம்பி சொன்னான். ஏன்னு நான் கேக்கல. பிளாட்டுல சத்தம் போட முடியாதுன்னு நீ சொல்லுவ, சரி, இருக்கட்டும். பின்னாடி ஸ்டோர் ரூம காலி பண்ணியாச்சு, வயர்மேன் வந்து தனி பாயிண்டு போட்டுட்டாரு. தூரம் கூடுதுன்னு தவுக்கே லாரி கூலிய ஏத்துவான், விடாத, அதையும் அந்த 5,000க்குள்ளயே பேசு. நான் வேணா பஸ்ஸேறி வந்து பேசவா? அப்பா வேணாங்கறாரு, அவளே பேசிப் பழகட்டும்கறாரு.

பில்லு உன் பேர்ல. மறந்துறாத.

லாரி வர்ற அன்னிக்கு மெஷின் மட்டும் வருதா, நீயும் கூட வர்றியா, துணிமணி எல்லாம் எடுத்துட்டா? அத மட்டும் முன்கூட்டியே சொல்லிரு, நடு ரூம்ல உங்கப்பா உர மூட்டைய அடுக்கி வச்சிருக்காரு, ஆள் வச்சுதான் நகத்தணும்.

அம்மா